முழு நைட் ஷிப்டும் பகல் தூக்கமும்

கேள்வி: நூற்பாலையில் வேலை பார்க்கிறேன். பகல், அரை நைட், முழு நைட் என்று வாரந்தோறும் ஷிப்ட் மாறும். முழு நைட் முடித்துக் காலை 8 மணிக்கு வெளியே வருகிறேன். வீட்டில் படுத்தவுடன் தூங்கிவிடுகிறேன். ஆனால் பகல் ஒரு மணிக்கெல்லாம் விழித்துக்கொள்கிறேன். வீட்டில் சத்தமே கிடையாது. தூக்க மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?
– வாசகர், கோவை

பதில்: மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் மாத்திரையைத் தொடாதீர்கள். உங்கள் விழிப்புக்குக் காரணம் சத்தமுமன்று, மனக்கவலையுமன்று. நம் தூக்கத்தை இரண்டு விசைகள் ஆள்கின்றன. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் சேர்ந்துகொண்டே போகும் தூக்க அழுத்தம் ஒன்று. மூளையின் அடிப்பகுதியில், ஹைப்போதலாமஸில் உள்ள சுமார் 20,000 நரம்பணுக்களால் ஆன உடல் கடிகாரம் மற்றொன்று. காலை 9 மணிக்கு உங்களைப் படுத்தவுடன் தூங்கவைப்பது முதல் விசை. நான்கு மணி நேரத் தூக்கத்தில் அந்த அழுத்தம் பெருமளவு தணிந்துவிட, இன்னும் பகல் ஷிப்ட் கணக்கிலேயே ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம் நண்பகலில் எழுப்பிவிடுகிறது.

இந்தக் கடிகாரம் வெளிச்சம் இல்லாவிட்டாலும் ஓடும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் குழுவினர், பகலொளியும் மணி காட்டும் கடிகாரமும் எட்டாத அறையில் மனிதர்களைத் தங்கவைத்து இதனை ஆராய்ந்தார்கள். (நம்மூரில் நடந்த இந்தப் பணி நம்மவர்க்கே அதிகம் தெரியாது.) பெரும்பாலானோருக்கு உடல் கடிகாரத்தின் சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம், கண்ணின் வழியே போகும் காலை வெளிச்சம்தான் அதை அன்றாடம் திருத்தி வைக்கிறது. அந்தத் திருத்தம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் மட்டுமே என்பதால், கடிகாரம் முழு நைட்டுக்குப் பழகத் தொடங்கும்போதே உங்கள் வாரம் முடிந்துவிடுகிறது.

ஆகவே வெளிச்சத்தைக் கவனியுங்கள். ஷிப்ட் முடிந்து வரும்போது கறுப்புக் கண்ணாடி அணியலாம். ஆனால் கண் சொக்கும் நிலையில் வண்டி ஓட்டாமல் பேருந்தில் வருவதே நல்லது. படுக்கும் அறையின் சன்னலைக் கனத்த துணியால் மூடுங்கள். ஒரே மூச்சில் எட்டு மணி நேரம் தூங்கியாக வேண்டும் என்ற பிடிவாதம் தேவையில்லை. காலையில் நான்கைந்து மணி நேரமும், வேலைக்குக் கிளம்புமுன் இரவில் ஒன்றரை மணி நேரமும் தூங்கினாலும் பயன் உண்டு. டீயிலுள்ள காஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் பிடிக்கும் என்பதால், பின்னிரவு 3 மணிக்கு மேல் டீ வேண்டாம். அந்த நேரத்தில் உடல் சர்க்கரையைச் சரிவரக் கையாளாது. சாப்பாட்டை ஷிப்டுக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. கடிகாரம் பின்தள்ளிப் போவதற்கு எளிதில் இணங்கும். முன்னே இழுப்பதற்கு இணங்காது. எனவே பகல், அரை நைட், முழு நைட் என்ற வரிசை, அதன் தலைகீழ் வரிசையைவிட உடலுக்கு இதமானது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வரிசையை இவ்வாறு மாற்றி, 7 நாளுக்குப் பதில் 21 நாளுக்கு ஒருமுறை சுழலவிட்டபோது, தொழிலாளர்களின் மனநிறைவும் உற்பத்தியும் கூடியதாக 1982இல் ஓர் ஆய்வு வெளியானது. தொழிற்சங்கம் இதைக் கேட்டு வாங்கலாம் என்பது என் கருத்து. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, உடல் கடிகாரத்தைக் குலைக்கும் ஷிப்ட் வேலையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் 2007இலேயே சேர்த்திருக்கிறது.

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகனுக்கு இரவு ஒரு மணிக்கு முன் தூக்கம் வருவதில்லை. காலையில் எழுப்பவே முடியவில்லை. சோம்பல்தானே?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இல்லை அம்மா. பருவ வயதில், இரவாகிவிட்டதென்று உடலுக்கு உணர்த்தும் மெலட்டோனின் என்ற ஹார்மோன் சுரக்கும் நேரமே பின்தள்ளிப் போகிறது. அதற்குமேல் கைப்பேசி வெளிச்சம் இன்னும் தள்ளிப்போடுகிறது. திட்டுவதைவிட, எழுந்தவுடன் அரை மணி நேரம் மொட்டைமாடியில் வெயில் பட நிற்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமையன்றும் வழக்கத்தைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்கவிடாதீர்கள்.