கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் இணையவழிக் கூட்டத்துக்கு நான்கைந்து பேருக்கு மேல் வருவதில்லை. எப்படி நடத்துவது?

எத்தனை பேர் வந்தார்கள் என்று தலையெண்ணுவதை முதலில் நிறுத்துங்கள். கூட்டம் பெருகியதைப் பார்த்து நான் பூரித்துக்கொண்டிருந்த ஆறு மாதத்தில்தான் எங்கள் குழுவின் மிகச் சிறந்த மொழிபெயர்ப்பாளரை இழந்தேன்.

நீங்கள் அண்மையில்தான் பொறுப்பேற்றிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இணைப்பை அனுப்பிவிட்டு, யாராவது வருவார்களா என்று திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தப் பத்து நிமிடம் எவ்வளவு நீளமானது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

சிறு வணிகர்களுக்கான கணக்கு மென்பொருள் ஒன்றின் மொழிபெயர்ப்புக் குழுவை நான் ஒருங்கிணைக்கிறேன். திட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். 2020 தொடக்கம் வரை எங்கள் கூட்டங்கள் ஐஆர்சியில் நடந்தன. 1988இல் பின்லாந்தில் உருவான அந்த அரட்டை முறையில் எழுத்து மட்டும்தான். டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தை உருவாக்குபவர்கள் பயன்படுத்திய மீட்பாட் என்ற சிறு நிரலையே நாங்களும் வைத்திருந்தோம். தலைப்பு இது, முடிவு இது, பொறுப்பு இன்னாருக்கு என்று குறியிட்டு எழுதினால், கூட்டம் முடிந்த கையோடு குறிப்பைத் தொகுத்துக் கொடுத்துவிடும்.

பெருந்தொற்று வந்ததும் பிக்புளூபட்டன் என்ற காணொளிக் கூட்ட முறைக்கு மாறினோம். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 2007இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அது. 7 பேர் வந்த இடத்தில் 22 பேர் வந்தார்கள். முகம் பார்த்துப் பேசினோம், சிரித்தோம். மாற்றத்தை முன்மொழிந்தவன் நான் என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை.

செக் மொழிக்குப் பொறுப்பாக இருந்தவர் ஐஆர்சியில் எல்லோரையும்விடக் கூர்மையாகக் கேள்வி கேட்பவர். காணொளிக்கு வந்த பிறகு அவர் வாயே திறக்கவில்லை. கேமராவும் போடுவதில்லை. "பேசுவதை யாராவது எழுத முடியுமா?" என்று இரண்டு முறை அரட்டைப் பெட்டியில் கேட்டார். "பதிவு இருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பதில் எழுதியவன் நான்தான்.

ஆறாவது கூட்டத்தில் மொழிபெயர்ப்புக் கோப்பின் வடிவத்தை மாற்ற முடிவெடுத்தோம். புதிய வடிவம் எளிமையானது. ஒருமை, பன்மை என்று இரண்டே இடம். தமிழுக்கு அது போதும், ஆங்கிலத்துக்கும் போதும். செக் மொழிக்குப் போதாது. அங்கே எண் ஒன்றுக்கு ஒரு சொல்வடிவம், இரண்டு முதல் நான்கு வரை இன்னொன்று, ஐந்திலிருந்து வேறொன்று. போலிஷ், ரஷ்ய மொழிகளிலும் இதே போன்ற சிக்கல் உண்டு. இருபத்திரண்டு பேரில் இதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அங்கேயே அமர்ந்திருந்தார். நாற்பது நிமிடத்தில் முடிவெடுத்துக் கலைந்தோம். மறுவாரம் அவர் பொறுப்பிலிருந்து விலகுவதாக இரண்டு வரியில் எழுதிவிட்டார்.

அந்த ஆறாவது கூட்டத்தின் குறிப்பை, பலர் ஒரே நேரத்தில் எழுதக்கூடிய ஈதர்பேட் என்ற இணையப் பக்கத்தில் எழுதியிருந்தோம். அதில் ஒவ்வொருவர் எழுத்துக்கும் ஒரு நிறம். தட்டிய எழுத்தும் அழித்த எழுத்தும் வரலாற்றில் அப்படியே இருக்கும்; பின்னோக்கி ஓட்டிப் பார்க்கலாம். அவர் விலகிய அன்றிரவு ஓட்டிப் பார்த்தேன். நாங்கள் கோப்பு வடிவத்தைப் பற்றிப் பேசிய நேரத்தில் அவருடைய வெளிர்பச்சை நிறத்தில் ஒரு வரி தோன்றுகிறது: "வடிவம் மாறுகிறதா? பன்மை என்ன ஆகும்?" சற்று நேரம் அப்படியே நிற்கிறது. அதற்குள் வேறொருவர் அடுத்த தலைப்பை அதன் கீழே எழுதிவிட்டார். பச்சை வரி கடைசியிலிருந்து ஒவ்வோர் எழுத்தாக மறைகிறது.

மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அவருடைய பதிலில்தான் தெரிந்தது, அவருக்குச் சிறு வயதிலிருந்தே காது கேட்காது. ஐஆர்சியில் ஆறு ஆண்டுகள் எங்களோடு இருந்தவர். அங்கே அதைச் சொல்ல வேண்டிய தேவையே அவருக்கு வரவில்லை.

காணொளியே கூடாது என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தானியங்கி வசனவரி இருக்கிறதே என்பீர்கள். அப்போது எங்களிடம் அது இல்லை. இருந்திருந்தாலும் பத்து நாட்டு ஆங்கிலத்தை அது சரியாகப் பிடித்திருக்கும் என்று நான் நம்பவில்லை. காது கேட்பவர்களிலும் பாதிப் பேருக்கு வேகமான ஆங்கிலம் புரிவதில்லை. எழுத்தென்றால் நிதானமாகப் படித்துப் பதில் சொல்கிறார்கள்.

இப்போது நாங்கள் பேசப்போவதை மூன்று நாள் முன்பே எழுதி அனுப்புகிறோம். பேசும்போது இருவர் மாறி மாறிக் குறிப்பெழுதுகிறார்கள்; ஒவ்வொரு வரிக்கும் முன்னால் பேசியவர் பெயர் வரும். எழுதி முடியும்வரை அடுத்த தலைப்புக்குப் போவதில்லை. கூட்டத்தில் எடுப்பது வெறும் முன்மொழிவுதான். மின்னஞ்சல் குழுவில் இட்டு 72 மணி நேரம் மறுப்பு வராவிட்டால்தான் முடிவு. கட்டற்ற மென்பொருள்களை வளர்க்கும் அப்பாச்சி அறக்கட்டளைத் திட்டங்களின் வழக்கம் இது. கோப்பு வடிவத்தையும் பழையபடி மாற்றிவிட்டோம். அவர் பொறுப்பை மீண்டும் ஏற்கவில்லை, ஆனால் குறிப்புகளைத் திருத்துகிறார்.

கூட்ட நேரத்தை உலகப் பொது நேரத்தில் (யுடிசி) அறிவியுங்கள். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் ஐரோப்பாவில் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். நம் நாட்டில் அந்த வழக்கம் இல்லாததால் இது நமக்கு உறைப்பதில்லை. இடைப்பட்ட இரண்டு மூன்று வாரம் யாராவது ஒரு மணி நேரம் தவறி வருவார்கள்.

தலையெண்ணிக்கை என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கல்லூரி ஒன்று எங்களைக் கேட்காமலே நாற்பது மாணவர்களைக் கூட்டத்துக்கு அனுப்பியது. அரட்டைப் பெட்டி முழுக்க "பிரசெண்ட் சார்". கூட்டம் முடிந்ததும் ஆளுக்கொரு சான்றிதழ் வேண்டும் என்று துறையிலிருந்து மின்னஞ்சல். பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. மென்பொருளை ஒரு முறைகூடத் திறந்து பார்க்காதவர்களை மதிப்பெண்ணுக்காக அனுப்பிய ஆசிரியர்கள் மேல்தான். சான்றிதழ் தர மறுத்தேன். திமிர் பிடித்தவன் என்று எழுதினார்கள். எளிய பிழைகளின் பட்டியலை அனுப்பி, ஒன்றைத் திருத்தி அனுப்பும் மாணவருக்கு நானே கையெழுத்திட்டுக் கடிதம் தருவதாகப் பதில் போட்டேன். இரண்டு பேர் திருத்தி அனுப்பினார்கள். அவர்களில் ஒரு பெண்தான் இப்போது எங்கள் கூட்டங்களில் குறிப்பெழுதுகிறார்.