படுமுளைகளைப் பிடுங்கலாமா?

கேள்வி: அக்கா, ஐப்பசி மழை விழுந்த பிறகு, எங்கள் கிணற்றடியில் காய்கறிக் கழிவு கொட்டும் இடத்தில் பத்துப் பதினைந்து கன்றுகள் தானாக முளைத்திருக்கின்றன. எது பூசணி, எது தக்காளி, எது களை என்றே தெரியவில்லை. "குப்பையில் முளைத்தது ஒழுங்காய்க் காய்க்காது, பிடுங்கி எறி" என்கிறார் மாமி. என்ன செய்யட்டும்?
வாசகி, கோண்டாவில்

பதில்: பிடுங்கவேண்டாம் தங்கச்சி, ஒரு கிழமை பொறுங்கள். முதலில் வரும் இரண்டும் விதையிலைகள். மூன்றாவது இலை விரிந்தால்தான் ஆள் யாரென்று பிடிபடும்.

பூசணியை இப்போதே கண்டுபிடிக்கலாம். விதையிலைகள் தடிப்பாக, நீள்வட்டமாக இருக்கும். சிலது விதைக்கோதைத் தொப்பிபோலத் தலையில் தூக்கிக்கொண்டு நிற்கும். மண்ணுக்குள் கிடந்த விதை என்றால், வேர் தொடங்கும் இடத்தில் உள்ள சிறு புடைப்பு கோதைப் பிடித்துக் கீழேயே நிறுத்திவிடும். மேலே கிடந்து முளைத்ததற்கு அந்தப் பிடி கிடைப்பதில்லை. கோதை இழுக்காதீர்கள், இலை கிழிந்துவிடும். தண்ணீர் தெளித்து ஊறவிட்டால் தானாகக் கழலும்.

தக்காளியும் மிளகாயும் தொடக்கத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும். தண்டை விரலால் தடவி மணந்து பாருங்கள். மெல்லிய மயிரும் அந்தத் தக்காளி மணமும் இருந்தால் தக்காளி. மிளகாய்த் தண்டு வழுவழுப்பாக இருக்கும். தக்காளி விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பு, பழத்துக்குள்ளேயே விதை முளைத்துவிடாமல் தடுக்கிறது. குப்பையில் பழம் அழுக அது கரைந்துவிடும். அதனால்தான் எறிந்த இடத்தில் கூட்டமாக முளைக்கிறது.

தக்காளி, மிளகாய்க்கு நாலு இலை வந்ததும் பின்னேரத்தில் மண்ணோடு கிண்டி எடுத்துப் பாத்தியில் நடுங்கள். தக்காளித் தண்டைக் கொஞ்சம் ஆழமாகப் புதைக்கலாம், அதிலும் வேர் விடும். இரண்டு மூன்று நாள் பூவரசங்குழையால் மறைப்புக் கட்டுங்கள். பூசணி இடம் மாறினால் முகம் சுருங்கும். நல்லதாக ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். அந்த இடத்தில் மழைவெள்ளம் தேங்குமென்றால் மண்ணை அணைத்து மேடாக்குங்கள்.

மாமி சொல்வதிலும் உண்மை உண்டு. கடையில் வாங்கிய காய் கலப்பின வகை என்றால், அதன் விதையில் வரும் கன்று தாயைப்போலக் காய்க்காது. தக்காளியில் அது பெரிய நட்டமில்லை, பழம் சிறுத்தாலும் சொதிக்கு ஆகும். எனக்குப் பயம் சுரையில்தான். எங்கள் வளவில் தானாக வந்த ஒரு சுரை, வேலியெல்லாம் படர்ந்து அழகாகக் காய்த்தது. வெட்டி நுனிநாக்கில் வைத்தால் ஒரே கைப்பு. அப்படியே தூக்கிப் போட்டேன். சுரை, பூசணி, வெள்ளரி எதுவானாலும் வழக்கத்துக்கு மாறாகக் கைத்தால் சமைக்கவே கூடாது. அது நஞ்சு, அவித்தாலும் போகாது. வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். படுமுளைக் காயைக் கறிக்கு வெட்டும்போது, ஒவ்வொரு காயிலும் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டே சட்டியில் போடுங்கள்.