மே மாத லீவில் பாரதக் கூத்து பார்க்கப் போக எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: சென்னையில் இருக்கிறோம். செய்யாறு, வந்தவாசி பக்கம் பாரதத் திருவிழாவில் தெருக்கூத்து பார்க்க ஆசை. ரெண்டு மூணு நாள்தான் லீவு கிடைக்கும். எந்த நாள் போவது, எங்கே தங்குவது, பத்து வயதுப் பையனைக் கூட்டிப் போகலாமா?

பதில்:

ஊரைத் தேர்ந்தெடுத்ததும் முதலில் படுகளம், அதாவது துரியோதனன் வீழும் கடைசி நாள் காட்சி, எந்தத் தேதி என்று கேளுங்கள். மற்றதை எல்லாம் அதிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொள்ளலாம்.

கோடை முழுக்க அந்தப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் ஏதாவது ஓர் ஊரில் பாரதம் (மகாபாரதக் கதையைச் சொல்லியும் ஆடியும் நடத்தும் திருவிழா) வைத்திருப்பார்கள். சில ஊரில் 10 நாள், சில ஊரில் 18, அதற்கு மேலும் போகும். பிற்பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் (வில்லிபுத்தூரார் பாடிய தமிழ் மகாபாரதம்) சொல்வார். இரவுக் கூத்து பெரும்பாலும் விழாவின் பிற்பாதியில்தான். கொடியேற்றத்தன்று பாயும் தலையணையுமாய்ப் போய் இறங்கினால் கூத்து இருக்காது. எல்லா ஊரிலும் வருஷா வருஷம் நடக்கும் என்றும் நினைக்காதீர்கள். பணம் சேர வேண்டும், ஊர் ஒத்துப்போக வேண்டும். போன வருஷ யூடியூப் வீடியோவை நம்பிக் கிளம்பாதீர்கள்.

தேதி தெரிந்துகொள்ள நல்ல வழி கோயில் பத்திரிகை, அதாவது விழா அழைப்பிதழ். எந்த ராத்திரி என்ன கூத்து, எந்த நாடக மன்றம் என்று அதிலேயே அச்சடித்திருக்கும். இப்போது வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிறது. இல்லையென்றால் செய்யாறு, ஆரணி, வந்தவாசி பஸ் ஸ்டாண்டுகளில் சுவரொட்டியைப் பாருங்கள், டீக்கடையில் "இந்தப் பக்கம் எங்கண்ணே பாரதம் நடக்குது?" என்று கேளுங்கள். பத்திரிகையில் 'இரவு 10 மணி' என்று போட்டிருந்தால் அவசரப்படாமல் சாப்பிட்டுவிட்டே போகலாம்.

வரிசை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறினாலும் கதைப்படிதான் போகும்: வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், ராஜசூய யாகம், துகில் (திரௌபதி துகிலுரிப்பு), அர்ச்சுனன் தபசு, விராட பருவம், கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர். கடைசி ராத்திரி முடிந்த கையோடு காலையில் படுகளம், சாயங்காலம் தீமிதி. ஆக உங்கள் லீவுக்குக் கர்ண மோட்சத்தன்று மாலை போய்ச் சேருங்கள், தீமிதி பார்த்துவிட்டுத் திரும்புங்கள். எல்லாம் சனி ஞாயிறில்தான் விழும் என்று சொல்ல முடியாது. லீவைத்தான் அதற்கேற்ப நகர்த்த வேண்டும்.

எல்லோரும் படுகளத்துக்குத்தான் ஓடுகிறார்கள். பார்க்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. மண்ணால் செய்த பிரம்மாண்ட துரியோதனன் தரையில் மல்லாந்து கிடக்க, அவன் மேலேயே பீமனும் துரியோதனனும் துரத்திக்கொண்டு ஓடுவதும், தொடை பிளந்ததும் அம்மன் கூந்தல் முடிவதும் வேறெங்கும் கிடைக்காது. ஆனால் ஆட்டம் பார்க்க வந்தவருக்கு அங்கே பாதி நேரம் முன்னாலிருப்பவரின் கையும் போனும்தான் தெரியும்.

ஒரே ஒரு ராத்திரிதான் முடியும் என்றால் நான் கர்ண மோட்சத்தைத்தான் சொல்வேன். அதிலும் பின்னிரவு. முதல் இரண்டு மணி நேரம் மெதுவாகத்தான் நகரும்: கட்டியங்காரன் சிரிப்பு மூட்டுவான், ஐம்பது ரூபாய் நூறு ரூபாய் அன்பளிப்பு கொடுத்தவர் பெயரெல்லாம் மைக்கில் வரும், வேஷம் ஒவ்வொன்றாகத் திரைக்குப் பின்னால் நின்று பாடிவிட்டு வெளிப்படும். பட்டணத்திலிருந்து வருகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு ஒரு மணிக்குக் காரை எடுத்துவிடுகிறார்கள். கர்ணன் போருக்குப் புறப்படும்போது அவன் மனைவி பொன்னுருவி வழிமறிக்கும் கட்டம் அதற்கு அப்புறம்தான் வரும். நான் ஒருமுறை அசந்து தூங்கிவிட்டேன். பக்கத்துப் பாயில் இருந்த ஆயா தொடையில் தட்டி, "எழுந்திரும்மா, பொன்னுருவி வந்துட்டா பாரு" என்று எழுப்பினார். கிரீடமும் புஜக்கட்டையும் பூட்டிய கர்ணன் கிர்கி (சுழன்றாடும் ஆட்டம்) அடித்து நின்ற இடத்தில் மூச்சு வாங்குகிறான், முகத்து அரிதாரம் வியர்வையில் கோடு கோடாக இறங்கியிருக்கிறது, முகவீணை என்ற சின்ன ஊதுகுழல் மட்டும் விடாமல் இழுக்கிறது. பொன்னுருவி வேஷம் கட்டியவர் நாற்பது தாண்டிய ஆண் என்பது எனக்கு ஞாபகமே வரவில்லை.

இன்னொரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் துகிலுக்குப் போங்கள். துச்சாதனன் வேஷக்காரர் கதையை அங்கேயே நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, திரௌபதி வேஷக்காரரை அம்மனாகவே பாவித்துக் கும்பிட்டுவிட்டுத்தான் சேலையில் கை வைப்பார். தபசு வேண்டுமென்றால் எத்தனை மணிக்கு அர்ச்சுனன் வேஷக்காரர் தபசு மரம் (அதற்காக நட்ட உயரமான கம்பம்) ஏறுகிறார் என்று தனியாக விசாரியுங்கள். சில ஊரில் விடியலில், சில ஊரில் பகலில். அர்ச்சுனன் மேலிருந்து போடும் எலுமிச்சம்பழத்துக்குப் பிள்ளை வரம் வேண்டி வந்த பெண்கள் மடியேந்திக் காத்திருப்பார்கள், அந்த இடத்தை அடைத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

தங்க செய்யாறில் சாதாரண லாட்ஜ் உண்டு, வசதி பார்ப்பவர்கள் காஞ்சிபுரத்தில் தங்கலாம். ரூம் உங்களுக்குப் பகலில் தூங்கத்தான். ராத்திரி முழுக்க விழித்துவிட்டு நீங்களே கார் ஓட்டாதீர்கள், டிரைவர் வையுங்கள் அல்லது விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். கழிப்பறைதான் உண்மையான சிக்கல், பெண்கள் கூட வந்தால் பகலிலேயே அங்கே யார் வீட்டிலாவது பேசி வைத்துக்கொள்வது நல்லது. உட்கார ஒரு பாய், தண்ணீர், சில்லறை நோட்டு போதும். ஸ்பீக்கர் பெட்டிக்கு எதிரே மட்டும் உட்காராதீர்கள், காது போய்விடும்.

ஒரு கசப்பான விஷயமும் உண்டு. 2023 ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தலித் மக்கள் கோயிலுக்குள் நுழைவதை எதிர்த்த தகராறில் திரௌபதி அம்மன் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது அங்கே எல்லோரும் உள்ளே போக முடிகிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் நான் போகிறேன்.

பையனைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள். களத்தின் முன்வரிசை முழுக்க அவன் வயசுப் பிள்ளைகள்தான் இருக்கும். பகலில் பகாசுரன் வதம் நடக்கிற நாளாக அமைந்தால் இன்னும் நல்லது. பீமன் வண்டியில் ஏறித் தெருத்தெருவாகச் சோறு வாங்கிக்கொண்டு வருவான், பிள்ளைகள் பின்னாலேயே ஓடுவார்கள். துகில் ராத்திரிக்கு மட்டும் கதையை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், கேள்வி நிறைய வரும்.