வியட்நாமில் இருபது நாள்: பதினான்கு ஊரில் எதை வெட்டுவது?

கோவையிலிருந்து வந்திருக்கும் கேள்வி இது: "நானும் நண்பரும் மார்ச் மாதம் 20 நாள் வியட்நாம் போகிறோம். முதுகுப்பை, ஹாஸ்டல், பஸ், ரயில் என்றுதான் திட்டம். ஹனோய், சாபா, ஹா ஜியாங், ஹாலாங், காட் பா, நின் பின், ஃபோங் ன்யா, ஹுவே, டா நாங், ஹோய் ஆன், தலாத், முய் நே, சைகோன், ஃபூ குவோக் என்று 14 ஊர் சேர்ந்துவிட்டது. எதை விடுவது? நண்பர் சுத்த சைவம், சமாளிக்க முடியுமா? வாடகை பைக் எடுத்து மலையில் ஓட்டலாமா?"

14 ஊர் என்றால் 13 முறை மூட்டை கட்ட வேண்டும். இரவு பஸ்ஸில் போனால் பகல் மிச்சம் என்று கணக்குப் போடுவீர்கள். அந்தக் கணக்கு அங்கே பலிக்காது. பஸ் விடிகாலை நாலு மணிக்கு இறக்கிவிடும், ஹாஸ்டலில் படுக்கை மதியம் இரண்டுக்குத்தான் கிடைக்கும். நடுவில் இருக்கும் பத்து மணி நேரமும் தூக்கக் கலக்கத்தில் காபிக்கடை நாற்காலியில் போய்விடும். ஓர் ஊருக்குக் குறைந்தது இரண்டு இரவு. அது முடியாத ஊருக்குப் போக வேண்டாம். இப்படி வைத்துக்கொண்டால் 20 நாளில் ஏழு ஊர்தான் தேறும்.

வெட்ட வேண்டியதில் முதலாவது தலாத். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர், பைன் மரம், பூத்தோட்டம், குளிர். ஊட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கோவைக்காரர் அங்கே போவதற்கு ஒரு காரணமும் இல்லை. ஃபூ குவோக் தென்மேற்கு மூலைத் தீவு, ரிசார்ட்டில் படுத்துக் கிடப்பவர்களுக்கு ஏற்றது. முய் நேயின் மணல்மேட்டுக்காக இரண்டு நாள் தர வேண்டாம். டா நாங்கில் விமானத்தை விட்டு இறங்கவும் ரயில் ஏறவும் மட்டும் வேலை. சாபாவும் ஹா ஜியாங்கும் இரண்டுமே வடக்கு மலை. சாபா இன்று ஹோட்டல் நகரம், 3,147 மீட்டர் ஃபான்சிபான் உச்சிக்கே கேபிள் கார் போகிறது. மலைக்கு ஹா ஜியாங் போதும். ஹாலாங்கை விடச் சொன்னால் கோபம் வரும், தெரியும். ஆனால் கடலுக்குள் நிற்கும் அதே சுண்ணாம்புப் பாறைகள் நின் பின்னில் வயலுக்கும் ஆற்றுக்கும் நடுவே நிற்கின்றன. மார்ச் பாதி வரை வடக்கே பொடித் தூறலும் மூடுபனியும் இருக்கும் என்பதால் கடலில் பல நாள் சாம்பல் திரைதான் தெரியும். கடல் வேண்டவே வேண்டும் என்றால் காட் பா தீவிலிருந்து லான் ஹா குடாவுக்கு ஒரு நாள் படகு போகலாம். கூட்டமும் செலவும் குறைவு.

அந்தத் தூறலை முன்னிட்டே, எல்லோரும் போகும் ஹனோய்–சைகோன் திசையைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். சைகோனில், அதாவது ஹோ சி மின் நகரில், இறங்கி ஹனோயில் விமானம் ஏறுங்கள். மாதக் கடைசியில் மலைக்குப் போய்ச் சேரும்போது பனி ஓரளவு விலகியிருக்கும். நடு வியட்நாமில் மார்ச் பெரும்பாலும் மழை குறைந்த மாதம்தான். ஹுவே, ஹோய் ஆன் பக்கம் வெள்ளம் வருவது அக்டோபர், நவம்பரில். இரவுக் கணக்கு: சைகோன் 2, ஹோய் ஆன் 3, ஹுவே 2, ஃபோங் ன்யா 3, ரயிலில் 1, நின் பின் 2, ஹா ஜியாங் 4, ஹனோய் 2. ஹனோயின் இரண்டில் ஒன்று உதிரி நாள். மலையில் மழை பிடித்தால் அதை எடுத்துக்கொள்ளலாம்.

விசாவுக்கு இ-விசா போதும். 90 நாள் செல்லும். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறைக்கு 50. அரசுத் தளத்தின் முகவரி 'கவ்.விஎன்' என்றுதான் முடியும். அதே முகப்போடு இருக்கும் ஏஜென்ட் தளங்கள் இரண்டு மூன்று மடங்கு வாங்குகின்றன. மூன்று வேலை நாள் என்பார்கள், மூன்று வாரம் முன்பே போட்டுவிடுங்கள். நம்மவர்களுக்குச் சிக்கல் பெயரில்தான் வரும், பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு ஓடும் இரண்டு வரியைப் பாருங்கள். அதில் உள்ள எழுத்து அப்படியே விசாவிலும் டிக்கெட்டிலும் வர வேண்டும். இனிஷியலை விரிக்கவும் வேண்டாம், சுருக்கவும் வேண்டாம். போட்டோ கண்ணாடி இல்லாமல். நுழையும் இடமாகச் சைகோன் விமான நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள், விசாவில் எழுதிய தேதிக்கு முன்னால் இறங்க முடியாது. தப்பு நேர்ந்தால் மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம்.

பணம் நமக்கு எளிது, லட்சத்தில் யோசித்தால். ஒரு லட்சம் டொங் கிட்டத்தட்ட 340 ரூபாய். 10,000 முதல் எல்லாம் பிளாஸ்டிக் நோட்டு. 20,000 நோட்டும் 5 லட்சம் நோட்டும் நீல நிறம். மங்கிய வெளிச்சத்தில் டாக்ஸிக்காரரிடம் 70 ரூபாய்க்குப் பதில் 1,700 ரூபாய் நீட்டிவிடுவது வழக்கமாக நடப்பது. 5 லட்சம் நோட்டைப் பர்ஸில் தனி அறையில் வையுங்கள். ஹாஸ்டல் படுக்கை ஒன்றரை முதல் இரண்டரை லட்சம், சாதாரணக் கடைச் சாப்பாடு 40,000 முதல் 60,000. ஹா ஜியாங் மலைச் சுற்றையும் உள்நாட்டு விமானத்தையும் தவிர்த்து நாளுக்கு 2,500 முதல் 3,000 ரூபாயில் ஓட்டலாம்.

சைகோனில் போர் நினைவு அருங்காட்சியகத்துக்கு அரை நாள். பென் தான் சந்தைக்குப் பக்கத்தில், துருவோங் தின் தெருவில், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தமிழ் வணிகர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. இன்று ஊதுபத்தியோடு வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள். சைகோனிலிருந்து டா நாங்குக்கு ரயிலில் 900 கிலோமீட்டருக்கு மேல். இந்தத் துண்டுக்கு மட்டும் விமானம் எடுங்கள், ஒன்றரை மணி நேரம். கைப்பை 7 கிலோவுக்கு மேல் போனால் மலிவு விமானங்களில் வாசலிலேயே எடை போட்டுக் காசு கேட்பார்கள். 40 லிட்டர் பைக்கு மேல் வாங்காதீர்கள். துணி துவைக்கக் கிலோக் கணக்கில் ஊருக்கு ஊர் கடை உண்டு.

ஹோய் ஆன் பழைய நகரத்துக்கு 1,20,000 டொங் சீட்டு, அதில் ஐந்து இடம் பார்க்கலாம். ஆனால் அந்த ஊரில் தங்குவதற்குப் பெரிய காரணம் 40 கிலோமீட்டர் மேற்கே இருக்கும் மீ சன். 4-ஆம் நூற்றாண்டில் பழைய சம்பா நாட்டு மன்னர் பத்ரவர்மன் பத்ரேஸ்வரர் என்ற பெயரில் சிவனுக்குக் கோயில் எழுப்பிய பள்ளத்தாக்கு அது. இன்று நிற்கும் செங்கல் கோபுரங்கள் பிற்காலத்தவை. சுவரை நெருங்கிப் பாருங்கள், செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே சாந்துக் கோடே தெரியாது. ஏ தொகுதியின் பெரிய கோபுரம் 1969-இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் விழுந்தது, குண்டுக் குழிகள் புல் மூடி இன்னும் இருக்கின்றன. நம் தொல்லியல் துறைதான் ஏ, எச், கே தொகுதிகளைச் சீரமைத்தது. அந்த வேலையில் 2020-இல் 9-ஆம் நூற்றாண்டு மணற்கல் லிங்கம் ஒன்று வெளிப்பட்டது. சுற்றுலா வேன்கள் வெயில் ஏறிப் பத்து மணிக்குத்தான் வந்து கொட்டும். தனி வண்டி பேசி ஏழு மணிக்குள் உள்ளே இருங்கள்.

டா நாங்–ஹுவே ரயிலைத் தவறவிடாதீர்கள். ஹாய் வான் கணவாயில் மலைக்கும் கடலுக்கும் நடுவே ஊர்ந்து போகும், இரண்டரை முதல் மூன்று மணி நேரம். வடக்கு நோக்கிப் போகும் உங்களுக்குக் கடல் வலப்பக்கம். சீட்டு எடுக்கும்போதே வலது ஜன்னல் கேளுங்கள். 1,726 கிலோமீட்டர் ஹனோய்–சைகோன் தடம் முழுக்க மீட்டர் கேஜ், அதனால் ஆட்டம் பழக்கப்பட்டதாகத்தான் இருக்கும். ஹுவேயில் கோட்டை அரண்மனை ஒரு நாள், அரசர் சமாதிகள் ஒரு நாள். சமாதிகளில் இரண்டுக்கு மேல் பார்த்தால் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும்.

சைவத்துக்கும் ஹுவேதான் தலைநகரம். 'ச்சாய்' என்பது பௌத்தச் சைவ உணவு, 'கம் ச்சாய்' என்று பலகை போட்ட கடையில் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம். அமாவாசை, பௌர்ணமியில் ஊரில் பாதிப் பேர் ச்சாய்தான், அந்த நாட்களில் தெருவோரத்திலும் கிடைக்கும். பிரச்சினை மற்றக் கடைகளில். "கறி வேண்டாம்" என்றால் கறித்துண்டை எடுத்துவிட்டு, எலும்புச் சாற்றை அப்படியே ஊற்றித் தருவார்கள். வள்ளைக்கீரை வதக்கலில்கூட மீன் சாறான 'நுவோக் மாம்' விழும், கடைக்காரருக்கு அது உப்பு மாதிரி. ஆகவே "கறி, மீன், இறால், மீன் சாறு, சிப்பிச் சாறு, எலும்புச் சாறு எதுவும் வேண்டாம்; சோயாவும் உப்பும் போதும்" என்பதை வியட்நாமியத்தில் மொழிபெயர்த்து போனில் படமாக வைத்துக் காட்டுங்கள். வாயால் சொன்னால் சுரம் மாறிப் பொருள் மாறும். ஹா ஜியாங் வீடுகளில் சோறு, டோஃபு, கீரை, நண்பர் சாப்பிடுவார் என்றால் முட்டை. ஊறுகாயும் பருப்புப்பொடியும் கொண்டுபோவதில் வெட்கமே வேண்டாம்.

ஃபோங் ன்யாவுக்கு டோங் ஹோய் ஸ்டேஷனில் இறங்கி 45 கிலோமீட்டர், உள்ளூர் பஸ் உண்டு. உலகின் மிகப் பெரிய குகையான சன் தூங்குக்கு ஆளுக்குச் சுமார் 3,000 டாலர், அதை மறந்துவிடுங்கள். 31 கிலோமீட்டர் நீளமுள்ள பாரடைஸ் குகையில் முதல் ஒரு கிலோமீட்டருக்கு மரப்பாதை போட்டிருக்கிறார்கள், அதுவே போதும். ஃபோங் ன்யா குகைக்குப் படகில் போக வேண்டும். வாடகை முழுப் படகுக்கு, 12 பேர் வரை ஏறலாம். காலையில் துறையில் நின்று கூட ஆள் சேர்த்துக்கொண்டால் செலவு ஆறில் ஒன்றாகும். குகை வாய்க்குள் போனதும் மோட்டாரை நிறுத்தித் துடுப்பு போடுவார்கள், அதற்குப் பிறகு கேட்பது நீர் சொட்டும் சத்தம் மட்டும்.

டோங் ஹோயிலிருந்து நின் பின்னுக்கு இரவு ரயில், சுமார் எட்டு மணி நேரம். நாலு படுக்கை உள்ள மென்படுக்கைப் பெட்டியில் கீழ் பெர்த் கேளுங்கள். ஆறு படுக்கைப் பெட்டியின் மேல்தட்டில் நிமிர்ந்து உட்கார முடியாது. நின் பின் பக்கத்து ட்ராங் ஆனில் படகு சுமார் மூன்று மணி நேரம் குகை குகையாக நுழைந்து வரும். தாம் கோக்கில் படகோட்டிகள் காலால் துடுப்புப் போடுகிறார்கள். மார்ச் அங்கே கோயில் யாத்திரைக் காலம், ஆகவே சனி, ஞாயிறு வேண்டாம்.

இனி பைக். ஹா ஜியாங் என்று எழுதுகிறோம், பஸ் நிலையத்தில் 'ஹா ஸாங்' என்று கேளுங்கள். சுற்று ஏறக்குறைய 350 கிலோமீட்டர். குவான் பா, யென் மின், டோங் வான், மா பி லெங், மேயோ வாக், டூ ஜியா என்று வளைந்து திரும்ப மூன்று பகல், இரண்டு இரவு. சீட்டுக்கட்டைக் குத்தி நிறுத்தியதுபோல் மலை, கீழே பச்சையாக ன்யோ குவே ஆறு. ஆனால் நீங்கள் ஓட்ட வேண்டாம். நம் ஆர்.டி.ஓ. தரும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி அச்சடிக்கப்பட்டது. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா உடன்படிக்கை அனுமதியை. கடைக்காரர் அதைப் பார்க்காமலே சாவி தருவார், போலீஸ் பார்ப்பார். அபராதம்கூடப் பரவாயில்லை. செல்லாத உரிமத்தோடு விழுந்தால் பயணக் காப்பீட்டில் ஒரு பைசா வராது, அங்கிருந்து ஹனோய் மருத்துவமனை 300 கிலோமீட்டர். கொண்டைஊசி வளைவில் எதிரே லாரி நடுரோட்டில் வரும், ஓரத்தில் ஜல்லி சறுக்கும்.

அதற்குப் பதில் 'ஈஸி ரைடர்': உள்ளூர்க்காரர் ஓட்டுவார், நீங்கள் பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். தங்கலும் சாப்பாடும் சேர்த்து மூன்று நாளுக்கு ஆளுக்கு 40 முதல் 50 லட்சம் டொங். பேசும்போது மூன்று கேளுங்கள்: முகம் மூடும் ஹெல்மெட் உண்டா, முழங்கால் கவசம் உண்டா, ஒரு கூட்டத்தில் எத்தனை வண்டி. பத்துக்கு மேல் என்றால் வேறு இடம் பாருங்கள். மழைக்கோட்டு, கையுறை உங்கள் பையில் இருக்கட்டும். மார்ச் இரவிலும் அங்கே குளிர் கடிக்கும். சாப்பாட்டு மேசையில் சோளச் சாராயம் சுற்றி வரும், ஒரு கிண்ணத்தோடு கையெடுத்துக் கும்பிட்டுவிட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நின் பின்னிலிருந்தே ஹா ஜியாங்குக்கு நேர் பஸ் இருக்கிறது. படுக்கை பஸ்ஸில் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். ஐந்தே முக்கால் அடிக்கு மேல் உயரம் என்றால் காலை மடக்கித்தான் தூங்க முடியும்.

2025 ஜூலை 1 முதல் மாகாணங்கள் இணைக்கப்பட்டிருப்பதால் முகவரிகளில் குழப்பம் வரும். ஹோய் ஆன் இப்போது டா நாங்கின் கீழ், ஹா ஜியாங் துயென் குவாங்கின் கீழ். ஹாஸ்டல் பதிவு செய்யும்போது மாகாணப் பெயரைவிட வரைபடப் புள்ளியை நம்புங்கள். பாஸ்போர்ட்டை ஹாஸ்டல் பதிவுக்குக் கேட்பார்கள், காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேறு யாரிடமும் அடமானமாக வைக்காதீர்கள்.

ஹனோய் விமான நிலையத்துக்கு 86-ஆம் எண் பஸ், 45,000 டொங். மீதி டொங்கை அங்கேயே மாற்றிவிடுங்கள். கோவையில் அதை வாங்குவதற்கு ஆள் தேட வேண்டியிருக்கும்.