ஹார்ட்பூட் ஸ்னோபோர்டு: முதலில் சப்பாத்து, கடைசியில் பலகை

கேள்வி: பேர்ன் நகரில் வசிக்கிறேன். ஐந்து பருவங்களாகச் சாதாரண ஸ்னோபோர்டு ஓட்டுகிறேன். போன பெப்ரவரியில் சேர்லிஃப்டில் இருந்தபோது கீழே ஒருவர் ஹார்ட்பூட் என்ற விறைத்த பிளாஸ்டிக் சப்பாத்தைப் போட்டு ஓட்டிப் போனதைப் பார்த்தேன். பனியில் பென்சிலால் கீறியது போல ஒரே கோடு. அன்றிலிருந்து அது மனதை விட்டுப் போகவில்லை. இப்போது இணையத்தில் ஒரு முழுத் தொகுதி விற்பனைக்கு வந்திருக்கிறது: 178 செ.மீ. பந்தயப் பலகை, பிளேட் பைண்டிங், ரைக்லே சப்பாத்து, எல்லாம் சேர்த்து 280 பிராங்க். என் எடை 72 கிலோ, பாதம் 26.5 செ.மீ. வாங்கலாமா? என்னிடம் இருக்கும் ஸ்கி சப்பாத்தைப் போட்டு ஓட்ட முடியுமா? முதல் நாள் எப்படித் தொடங்குவது?

பதில்: இந்தத் தொகுதியை வாங்காதீர்கள். ஆசையை மட்டும் விடாதீர்கள். அந்தக் கோட்டைப் பார்த்து மயங்கித்தான் நானும் இதற்குள் வந்தேன்.

அந்தக் கோடு எப்படி விழுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் எதை வாங்குவது என்பது பாதி தெளிந்துவிடும். நீங்கள் இப்போது போடும் மென்மையான சப்பாத்தில் கணுக்கால் எல்லாப் பக்கமும் அசையும். பலகையின் இடுப்பு, அதாவது நடுவில் அது ஒடுங்கும் இடம், சுமார் 25 செ.மீ. அகலம், பாதங்கள் ஏறக்குறைய குறுக்காக நிற்கும். ஹார்ட்பூட்டில் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் கால் இருக்கிறது. முன்னும் பின்னும் உலோகக் கம்பி வளையங்கள் அதைப் பலகையில் பூட்டிய தட்டோடு இறுக்கிப் பிடிக்கின்றன, இதுதான் பிளேட் பைண்டிங். பலகையின் இடுப்பு 18 முதல் 22 செ.மீ. வரைதான், பாதங்கள் 50 முதல் 65 பாகை வரை முன்னோக்கித் திரும்பியிருக்கும். முழங்காலைச் சாய்த்தால் இடையில் எதுவும் நெகிழாமல் அந்த அசைவு அப்படியே விளிம்புக்குப் போகிறது. பலகையின் மூக்கு (முன்நுனி) வெட்டிய தடத்திலேயே வாலும் (பின்நுனி) வருகிறது, அதனால்தான் ஒரே கோடு.

சுவிஸில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். ஹார்ட்பூட் போட்டு இருவர் பக்கத்துப் பக்கமாக ஓடும் பந்தயமான ஒலிம்பிக் பேரலல் ஜயண்ட் ஸ்லாலத்தில் 2002, 2006 இரண்டிலும் பிலிப் ஷோக், 2014இல் பத்ரீசியா குமர், 2018இல் நெவின் கல்மரீனி என்று தங்கம் வாங்கிய நாடு இது. பந்தயத்தில் ஓடிய பலகைகள் பழைய பொருள் சந்தைக்கு வந்துகொண்டே இருக்கும். சிக்கலும் அங்கேதான். மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை பந்தயத்துக்காகச் செய்தவை, புதிதாகத் தொடங்குகிறவருக்காகச் செய்தவை அல்ல.

பணத்தில் பெரும்பகுதியைச் சப்பாத்துக்கு ஒதுக்குங்கள். இதை நான் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. நான் தொடங்கிய காலத்தில் ஒருவரிடம் ஒரு ஜோடி வாங்கினேன். கீறல்கூட இல்லை, வருடக்கணக்கில் பெட்டிக்குள்ளேயே இருந்ததாம். மூன்றாவது நாள், இடது சப்பாத்தின் குதிப்பகுதி பிளந்துவிட்டது. ஒரு துண்டு மட்டும் பின்வளையத்தில் மாட்டியபடி நிற்க, என் கால் வெளியே வந்துவிட்டது. மெதுவான சரிவு என்பதால் முழங்கால் வீக்கத்தோடு போயிற்று. கொஞ்சம் வேகமாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

இந்த ஓடுகளைப் பெரும்பாலும் பாலியூரித்தேனில் வார்க்கிறார்கள். காற்றில் இருக்கும் ஈரம் வருடக்கணக்கில் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை மெல்ல மெல்ல அறுக்கிறது. போட்டாலும் போடாவிட்டாலும் இது நடக்கும். அதனால் "இரண்டே தடவைதான் போட்டது" என்று விற்பவர் சொன்னால் நம்புங்கள், ஆனால் அதற்காக வாங்கிவிடாதீர்கள். எத்தனை தடவை என்பதைவிட எந்த ஆண்டு வார்த்தது என்பதே முக்கியம். உள்ளுறையை வெளியே இழுத்துவிட்டு ஓட்டின் உள்பக்கம் பாருங்கள். கடிகார முகம் போல ஒரு சிறு வட்டமும் அம்புக்குறியும் பல ஓடுகளில் இருக்கும். அது வார்த்த மாதத்தையும் ஆண்டையும் காட்டும். பத்து ஆண்டுகளைத் தாண்டிய சப்பாத்தை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ரைக்லேயின் ஸ்னோபோர்டு சப்பாத்துகள்தான் பிறகு டீலக்ஸ் என்ற பெயரில் வந்தன. ஆகவே நீங்கள் பார்த்த ஜோடி ஏறக்குறைய இருபது ஆண்டுக்கு மேற்பட்டது. இலவசமாகக் கொடுத்தாலும் அதைப் போட்டுக்கொண்டு மலை ஏறாதீர்கள்.

டீலக்ஸ் டிராக் வரிசை, யுபிஇசட், ஹெட் ஸ்ட்ராட்டோஸ் ஆகிய பெயர்களைத் தேடுங்கள். அளவு பார்க்கும்போது உள்ளுறையை எடுத்துவிட்டு வெறும் ஓட்டுக்குள் காலை விடுங்கள். விரல் நுனி முன்பக்கம் லேசாகத் தொடும்படி நின்றால் குதிகாலுக்குப் பின்னால் ஒன்று முதல் ஒன்றரை செ.மீ. வரை இடைவெளி இருக்க வேண்டும். இரண்டு செ.மீ.க்கு மேல் போனால் அது பெரிது. கடையில் சுகமாகத்தான் இருக்கும், மலையில் குதிகால் மேலே எழும்பும். உங்கள் பாதத்துக்கு 26 அல்லது 26.5 என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். ஓடுகள் பெரும்பாலும் முழு அளவுகளில்தான் வருகின்றன, அரை அளவு வித்தியாசம் உள்ளுறையில்தான். உள்ளுறை நைந்திருந்தால் கவலை வேண்டாம், சூடாக்கிக் காலுக்கு ஏற்பப் படியவைக்கும் உள்ளுறை தனியாகக் கிடைக்கும். கொக்கிகளின் ஆணிகளைச் சுற்றி வெள்ளையாக வெளிறியிருக்கிறதா, மயிரிழை வெடிப்பு ஓடுகிறதா, கணுக்கால் மூட்டு ஆடுகிறதா, பின்னால் இருக்கும் சாய்வுப் பூட்டு ஒவ்வொரு நிலையிலும் உறுதியாக நிற்கிறதா என்று பாருங்கள். அடிப்பாகத்தின் முன், பின் விளிம்புகள் தேய்ந்து உருண்டிருந்தால் வளையம் சரியாகப் பிடிக்காது.

சரி, ஸ்கி சப்பாத்து? பைண்டிங்கில் மாட்டலாம், ஓட்டவும் முடியும். ஆனால் ஸ்னோபோர்டு ஹார்ட்பூட்டின் அடிப்பாகம் குட்டை, முன்னும் பின்னும் சரித்து வெட்டியிருப்பார்கள். கணுக்காலும் முன்பக்கம் இன்னும் இலகுவாக வளையும். ஸ்கி சப்பாத்து நீளமானது என்பதால் ஒடுங்கிய பலகையில் நுனி வெளியே நீட்டிக்கொண்டு பனியில் இடிக்கும். விறைப்பாக இருப்பதால் பலகை அதிரும்போது உங்கள் முழங்கால்தான் அதை வாங்கும். ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்றால் பரவாயில்லை. பழகுவதற்கு அது வேண்டாம்.

பைண்டிங்கில் இரண்டு வகை. ஒன்றில் முன்னே நெம்புகோல், பின்னே கம்பி வளையம். மற்றது இன்டெக்: குதிகாலுக்கு அடியில் இரண்டு உலோக முளைகள், மிதித்தால் பூட்டிக்கொள்ளும், கேபிளை இழுத்தால் விடுபடும். வசதியானதுதான், ஆனால் சப்பாத்தில் அதற்கான குதி இருக்க வேண்டும், கேபிளும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். தொடங்குகிறவருக்கு முதல் வகையே போதும். இங்கே சந்தையில் எஃப்2 பைண்டிங்குகள் தாராளமாகக் கிடைக்கும். பழைய பைண்டிங்கில் எஃகு வளையம் களைத்துப்போயிருக்கும், அது வெளியே தெரியாது. வாங்கியதும் வளையங்களைப் புதிதாக மாற்றிவிடுங்கள். தட்டு பிளாஸ்டிக்காக இருந்து வயதும் ஆகியிருந்தால் சப்பாத்துக்குச் சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும். அப்புறம், பலகையில் துளைகள் 4 செ.மீ. சதுர அமைப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய பர்ட்டன் பலகைகளில் மூன்று துளை முக்கோணமாக இருக்கும், அதற்குப் பைண்டிங்கைப் பலகையில் திருகும் வட்டு வேறாக வேண்டும்.

இப்போது அந்த 178 செ.மீ. பலகை. கெட்ட பலகையாக இருக்காது, உங்களுக்கு இப்போதைக்கு ஆகாத பலகை. ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். அந்த நீளத்துப் பந்தயப் பலகையின் பக்க வளைவு ஆரம், அதாவது அதன் ஓர வளைவை முழு வட்டமாக நீட்டினால் வரும் ஆரம், 20 மீட்டர் அளவில் இருக்கும். 45 பாகை சாய்த்தால் பனியில் அது வெட்டும் வட்டத்தின் ஆரம் சுமார் 14 மீட்டர். அந்தச் சாய்வில் விழாமல் நிற்க, சரிவைக் கணக்கில் சேர்க்காவிட்டால், மணிக்கு 42 கி.மீ. வேகம் வேண்டும். திருப்பங்களைத் தொடர்ந்து போட 28 மீட்டர் அகலமும் வேண்டும். ஆரம் 11 மீட்டர் உள்ள பலகையில் அதே சாய்வுக்கு 31 கி.மீ. வேகமும் 16 மீட்டர் அகலமும் போதும். கற்றுக்கொள்ளும் காலத்தில் 31 கி.மீ. வேகத்தில் யோசிக்க நேரம் இருக்கும். 42இல் பயம் முந்திக்கொள்ளும். பயந்தவர் பின்காலில் எடையைப் போடுவார், பலகை ஓடிவிடும்.

உங்கள் எடைக்கு 158 முதல் 166 செ.மீ. நீளம், 10 முதல் 12 மீட்டர் ஆரம், 20 முதல் 21.5 செ.மீ. இடுப்பு உள்ளதைத் தேடுங்கள். எஃப்2 ஸில்பர்ஃபைலின் நடுத்தர நீளங்கள் நல்ல தொடக்கம். கெஸ்லர், எஸ்ஜி பலகைகள் அருமையானவை, இரண்டாவது பலகையாக வரட்டும். பைண்டிங்குக்கு அடியில் அதிர்வைக் குறைக்கும் நீண்ட தட்டு மாட்டிய பலகை என்றால் இப்போது விட்டுவிடுங்கள்.

நேரில் பார்க்கும்போது பலகையைச் சமதரையில் வையுங்கள். நடுப்பகுதி லேசாக எழும்பி நிற்க வேண்டும். டைட்டனால் என்ற அலுமினியத் தகடு உள்ள பலகைகள் ஒரு தடவை மடங்கினால் திரும்பவே மாட்டா, ஆகவே வாலில் இருந்து மூக்கு வரை ஒரு கண்ணை மூடி நோக்கி, முறுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பக்கச் சுவரும் மேல் தாளும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். இடைவெளியில் நகம் புகுந்தால் அடுக்குகள் பிரிகின்றன. விளிம்பு இரும்பு ஒரு மில்லிமீட்டருக்கும் மெலிந்திருந்தால் இன்னும் சில தடவைதான் தீட்டலாம். அடிப்பரப்பின் கீறல்களுக்குப் பயப்பட வேண்டாம், அவற்றை நிரப்பிவிடலாம்.

வீட்டில் பூட்டும்போது முன்கால் 56, பின்கால் 53 பாகையில் தொடங்குங்கள். மேலிருந்து பார்த்தால் சப்பாத்தின் நுனியோ குதியோ பலகைக்கு வெளியே நீட்டக் கூடாது. நீட்டினால் பாகையைக் கூட்டுங்கள். முன்காலின் நுனிக்கு அடியிலும் பின்காலின் குதிக்கு அடியிலும் சற்று உயரம் கொடுத்தால் முழங்கால்கள் இயல்பாக ஒன்றையொன்று நோக்கி வரும்.

முதல் நாள் காலையில், இயந்திரம் உழுது வைத்த மிதமான சரிவுக்குப் போங்கள். அரை நாள் வெறுமனே பக்கமாகச் சறுக்கி, பழைய மாதிரித் திரும்பிப் பழகுங்கள். ஒடுங்கிய பலகை ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு எவ்வளவு வேகமாகப் புரளும் என்பது உடம்புக்குத் தெரியட்டும். பிறகு ஒற்றை வளைவு மட்டும். நேராக இறங்கி, முழங்காலையும் இடுப்பையும் உள்ளே சாய்த்து, வேறு எதுவும் செய்யாமல் காத்திருங்கள். பலகை தானாகவே வளைந்து மேட்டை நோக்கி ஏறி நின்றுவிடும். பின்காலால் தள்ளித் திருப்ப வேண்டும் என்று மனம் துடிக்கும், தள்ளாதீர்கள். நின்றதும் திரும்பித் தடத்தைப் பாருங்கள். மெல்லிய கோடு என்றால் வெட்டியிருக்கிறீர்கள், விசிறி மாதிரி விரிந்திருந்தால் சறுக்கியிருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் பத்துப் பத்துத் தடவை கோடு விழுந்த பிறகு வளைவுகளை இணையுங்கள். கையால் பனியைத் தொட ஆசைப்பட்டு இடுப்பில் மடங்குவதுதான் எல்லாரும் செய்யும் பிழை. அப்படிச் செய்தால் எடை விளிம்பை விட்டுப் போய்விடும். தோள்கள் சரிவுக்கு இணையாக இருக்கட்டும். குதிப்பக்கத் திருப்பத்தில் இடுப்பை மூக்குப் பக்கம் திருப்பிக்கொண்டு, தாழ்ந்த முக்காலியில் உட்காருவது போல் உட்காருங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் மேலே திரும்பிப் பாருங்கள். நீங்கள் சரிவின் முழு அகலத்தையும் குறுக்கே வெட்டுவீர்கள், சில நேரம் மேல்நோக்கியும் ஏறுவீர்கள். மேலிருந்து வருகிறவர் அதை எதிர்பார்க்க மாட்டார். கீழே இருப்பவருக்கு முன்னுரிமை என்பது சர்வதேச ஸ்கி கூட்டமைப்பின் விதிதான். ஆனால் மேல்நோக்கித் திரும்புகிறவர் மேலும் கீழும் பார்த்துவிட்டே திரும்ப வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. பிளேட் பைண்டிங் ஸ்கி பைண்டிங் போல விழும்போது கழன்று கொடுக்காது, அதனால் ஆட்கள் குறைந்த நேரமும் தலைக்கவசமும் கட்டாயம்.

வாடகைக் கடைகளில் ஹார்ட்பூட் கிடைப்பது அரிது. ஒக்டோபர், நவம்பரில் ஊர் ஊராக நடக்கும் ஸ்கிபோர்ஸே என்ற பழைய ஸ்கிப் பொருள் சந்தைகளுக்குப் போங்கள். இணையத்தில் படத்தை மட்டும் பார்த்து வாங்குவதைவிட, அங்கே ஓட்டுக்குள் காலை விட்டுப் பார்க்கலாம். மெல்லிய ஸ்கி காலுறை, அளவு நாடா, சின்ன டார்ச் விளக்கு மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். ஓட்டின் உள்ளே அந்த வட்டத்தை வாசிக்க விளக்கு இல்லாமல் முடியாது.