இரண்டு நம்பரும் ஒரே வாய்ஸ்மெயிலில் விழுவது பற்றி

அண்ணாச்சி, அழைப்பு பாளையங்கோட்டை கடை நம்பருக்கு வந்தாலும் தென்காசி கடை நம்பருக்கு வந்தாலும் எல்லாம் 201-ம் வாய்ஸ்மெயில் பெட்டியிலேயே விழுகிறது என்று எழுதியிருந்தீர்கள். வாய்ஸ்மெயிலைப் போட்டு நோண்டாதீர்கள், கோளாறு அங்கே இருக்காது. ஃப்ரீபிபிஎக்ஸில் (உங்கள் தொலைபேசி இணைப்பகத்தை அமைக்கும் வலைப்பக்கம்) இன்பவுண்ட் ரூட்ஸ் பக்கத்தில், அதாவது உள்ளே வரும் அழைப்பு எங்கே போக வேண்டும் என்று சொல்லும் இடத்தில், டிஐடி கட்டம் (கூப்பிடப்பட்ட நம்பரை எழுதும் இடம்) காலியாக ஒரே ஒரு ரூட்தான் இருக்கும். கட்டம் காலி என்றால் எந்த நம்பருக்கு வந்த அழைப்பும் அதில்தான் போகும். நம்பருக்கு ஒன்றாக இரண்டு ரூட் போட்டு, ஒன்றை 201-க்கும் மற்றதை 202-க்கும் திருப்புங்கள்.

சறுக்குவது நம்பரை எழுதும் விதத்தில்தான். தென்காசி நம்பரை நீங்கள் 04633 என்று தொடங்கிப் போட்டிருப்பீர்கள், லைன் கொடுத்தவர்கள் +914633 என்று அனுப்புவார்கள், பொருந்தவே பொருந்தாது (இந்தக் கூட்டல் குறிக்காக எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையே போயிற்று). அதனால் ஆஸ்டரிஸ்க் கன்சோலை (ஃப்ரீபிபிஎக்ஸுக்கு அடியில் ஓடும் மென்பொருள், வரும் அழைப்புகளை வரிவரியாகக் காட்டும் திரை) திறந்து வைத்துக்கொண்டு செல்போனிலிருந்து கூப்பிட்டுப் பாருங்கள், அதில் எப்படி வருகிறதோ அப்படியே எழுதுங்கள். நம்பருக்குப் பதில் வெறும் 'எஸ்' என்று வந்தால் ட்ரங்கின் (லைன் கொடுத்தவர்களோடு உள்ள இணைப்பின்) அமைப்பில் கான்டெக்ஸ்ட் என்ற கட்டத்தை ஃப்ரம்-பிஎஸ்டிஎன்-டூஹெடர் (from-pstn-toheader) என்று மாற்றுங்கள்.

அப்புறம், மேலே சிவப்பாக அப்ளை கான்ஃபிக் என்று வரும், அதை அழுத்தாமல் ஒன்றும் மாறாது.