கைத்தொலைபேசி ஒப்பந்தத்தை முறித்தால் எவ்வளவு கட்ட வேண்டும்?

கேள்வி: 24 மாத ஒப்பந்தத்தில், 1,080 டொலர் பெறுமதியான கைத்தொலைபேசியொன்றை 120 டொலர் மட்டும் கட்டி வாங்கினேன். கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள ஸ்காபரோவில் நிலக்கீழ் வீடொன்றுக்குக் குடிபெயர்ந்த பின்னர் அங்கே சிக்னல் சரியாகக் கிடைக்காததால், 16 மாதங்கள் முடிந்த நிலையில் பழைய நிறுவனத்துக்கு அறிவித்துவிட்டு வேறு நிறுவனத்துக்கு மாறினேன். இப்போது ரத்துக் கட்டணம் 320, முப்பது நாள் முன்னறிவித்தல் தராததற்கு 75, வேறு நிறுவனத்தின் இணைப்பிலும் இயங்கும்படி தொலைபேசியின் பூட்டை நீக்கியதற்கு 50 என மொத்தம் 445 டொலருக்குப் பில் வந்திருக்கிறது. "ஒரு சதமும் கட்டாதே" என்கிறார் மைத்துனர். என்ன செய்யலாம்?
– வாசகி, ஸ்காபரோ

பதில்: மைத்துனரின் யோசனையைக் கேட்காதீர்கள். கட்டாமல் விட்ட பில் கடன் வசூலிப்பு முகவரிடம் போய், உங்கள் கடன் மதிப்பெண்ணைக் கெடுத்துவிடும். அதற்காக 445 டொலரையும் கட்ட வேண்டியதில்லை.

கனடாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான சி.ஆர்.ரி.சி., 2013 டிசம்பர் 2 முதல் நடைமுறைப்படுத்திய வயர்லெஸ் கோட் எனும் விதிக்கோவையின்படி, வாடிக்கையாளர் ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் நிறுவனம் அறவிடக்கூடியது ரத்துக் கட்டணம் ஒன்றை மட்டுமே. வேறு எந்த அபராதத்தையும் அதனோடு சேர்க்க முடியாது. அந்தக் கட்டணமும் தொலைபேசியின் விலையில் நிறுவனம் உங்களுக்காக ஏற்றுக்கொண்ட பங்கைத் தாண்டக் கூடாது என்பதுடன், உங்களுடையதைப் போன்ற 24 மாத ஒப்பந்தத்தில் மாதந்தோறும் சம அளவில் குறைந்து, முடிவில் பூச்சியமாகிவிட வேண்டும். உங்கள் கணக்கில் அந்தப் பங்கு 960 டொலர். மாதம் 40 வீதம் 16 மாதங்களில் 640 கழிந்துவிட்டதால் மிச்சம் 320. நிறுவனம் இந்த ஓரிடத்தில் சரியாகக் கூட்டியிருக்கிறது.

ஆனால் 1,080 என்ற விலையைச் சற்று உரசிப் பாருங்கள். உற்பத்தியாளர் பரிந்துரைத்த விலை, ஒப்பந்தமின்றி வாங்குவோருக்கு அந்த நிறுவனம் விற்ற விலை ஆகிய இரண்டில் குறைந்ததையே கணக்கில் எடுக்க வேண்டும். அது 984 டொலராக இருந்திருந்தால், நீங்கள் கட்ட வேண்டியது 288 மட்டுமே. ஒப்பந்தப் பிரதியில் தொலைபேசியின் விலையும், நீங்கள் கட்டிய தொகையும், ரத்துக் கட்டணம் மாதந்தோறும் குறையும் அளவும் எழுதப்பட்டிருக்க வேண்டும். பிரதி தொலைந்திருந்தால் நிறுவனத்திடமே கேட்டுப் பெறுங்கள்.

மற்ற இரண்டு தொகைகளுக்கும் இடமில்லை. ரத்து அறிவித்தல் நிறுவனத்துக்குக் கிடைக்கும் அன்றே நடைமுறைக்கு வந்துவிடுவதால், முப்பது நாள் என்ற பேச்சுக்கே இடமில்லை. பூட்டு நீக்கும் கட்டணம் 2017 டிசம்பர் 1 முதல் தடைசெய்யப்பட்டது; அதை இன்னமும் பில்லில் எழுதுவதைத் துணிச்சல் என்றுதான் சொல்ல வேண்டும். மாதக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டியிருந்தால், ரத்தான நாளுக்குப் பிந்திய நாட்களுக்கான பணத்தையும் திருப்பிக் கேட்கலாம்.

சிக்னல் கிடைக்காதது உங்களுக்குப் பெரிதாகக் கைகொடுக்காது. 15 நாள் பரீட்சார்த்தக் காலத்துக்குள், அதற்கென வகுத்த பயன்பாட்டு அளவைத் தாண்டாமல், ஏறக்குறையப் புதிய நிலையில் தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்திருந்தால் கட்டணமின்றி விலகியிருக்கலாம். பதினாறு மாதங்களுக்குப் பின்னர், அதுவும் நீங்களே வீடு மாறிய பின்னர், அந்த வாதம் நிற்காது.

விலை சரியென்று தெரிந்தால் 320 டொலரை உடனே கட்டிவிட்டு, எஞ்சிய 125 டொலரை மறுப்பதாக, ரத்து அறிவித்த திகதியையும் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள். தொலைபேசியில் பேசினால், பேசியவரின் பெயரையும் முறைப்பாட்டு இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்படியும் நீக்க மறுத்தால், தொலைத்தொடர்பு முறைப்பாடுகளை விசாரிக்கும் சுயாதீன அமைப்பான சி.சி.ரி.எஸ்.-இடம் இணையம் வழியாக முறைப்பாடு செய்யலாம். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. ஆனால் நிறுவனத்திடம் முதலில் முறையிட்டீர்களா என்று கேட்பார்கள். அப்போது காட்ட அந்தக் கடிதத்தின் பிரதி உங்களிடம் இருக்கட்டும்.